நல்ல கொழுப்பின் வேலைத்திறனை அளப்பது எப்படி? ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் எச்டிஎல், அதாவது நல்ல கொழுப்பு, என்று ஒரு வரி இருக்கும். அதற்கு நேரே உள்ள எண், எச்டிஎல் துகள்களுக்குள் எவ்வளவு கொலஸ்ட்ரால் இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. அந்தத் துகள்கள் ரத்தக்குழாய்ச் சுவரில் தேங்கிய கொலஸ்ட்ராலை எடுத்துப் போகின்றனவா, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் துகள்கள் ஆக்சிஜனேற்றத்தால் கெட்டுப்போகாமல் காக்கின்றனவா, அழற்சியை அடக்குகின்றனவா என்பதெல்லாம் அந்த எண்ணில் தெரியாது. லாரியில் எவ்வளவு சரக்கு ஏறியிருக்கிறது என்று பார்த்து, அது ஒரு நாளில் எத்தனை நடை அடிக்கும் என்று சொல்லிவிட முடியுமா?

இந்த வேறுபாட்டை மருத்துவ உலகம் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றது. டார்செட்ரபிப் என்ற மருந்து எச்டிஎல் கொலஸ்ட்ராலை 72 சதவீதம் உயர்த்தியது. ஆனால் சுமார் 15,000 பேரிடம் நடந்த சோதனையில் மருந்து எடுத்தவர்களிடம் இறப்பு 58 சதவீதம் அதிகமாக இருந்ததால், 2006 டிசம்பரில் சோதனையை நிறுத்தினார்கள். அந்த மருந்து ரத்த அழுத்தத்தையும் ஏற்றியது என்பது உண்மைதான். அந்தக் குறை பெரிதாக இல்லாத டால்செட்ரபிப் என்ற அதே வகை மருந்தும் 2012இல் பலன் தரவில்லை. அதே ஆண்டு வெளியான மரபணு ஆய்வு ஒன்றில், எச்டிஎல் கொலஸ்ட்ராலைப் பிறவியிலேயே உயர்த்தி வைக்கும் ஒரு மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை என்று தெரிந்தது. 2016இல் இன்னும் ஒரு படி போனார்கள். கல்லீரலில் எச்டிஎல்லைப் பிடிக்கும் எஸ்ஆர்-பி1 ஏற்பி பழுதானவர்களுக்கு எச்டிஎல் கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருந்தது, இதய நோய் ஆபத்தும் கூடவே இருந்தது.

அளவை விட்டுவிட்டு வேலையை அளக்கலாம் என்ற எண்ணம் இப்படித்தான் வலுத்தது. 2011இல் வெளியான ஓர் ஆய்வு, செல்களிலிருந்து கொலஸ்ட்ராலை வெளியே இழுக்கும் திறன் அதிகமுள்ளவர்களுக்கு இதயத் தமனி நோய் குறைவாக இருப்பதைக் காட்டியது. அந்தத் திறனில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 40 சதவீதத்துக்கும் குறைவான பகுதியைத்தான் எச்டிஎல் கொலஸ்ட்ராலும் எச்டிஎல்லின் முக்கியப் புரதமான அப்போஏ-1உம் சேர்ந்து விளக்கின. 2014இல் டல்லாஸ் இதய ஆய்வில் 2,416 பேரைச் சுமார் 9 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, திறன் மிக அதிகமாக இருந்த கால்வாசிப் பேருக்கு, மிகக் குறைவாக இருந்த கால்வாசிப் பேரைவிட இதய நிகழ்வுகளுக்கான ஆபத்து 67 சதவீதம் குறைவாக இருந்தது.

சரி, இதை உங்கள் ஆய்வகத்தில் எப்படி அளப்பது?

முதலில் கேள்வியைத் தீர்மானியுங்கள்

எச்டிஎல் செயல்திறன் என்று ஒற்றை அளவு எதுவும் கிடையாது. எச்டிஎல் பல அளவுகளில் வரும் துகள்களின் கூட்டம். அதில் 80க்கும் மேற்பட்ட புரதங்கள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு சோதனையும் அந்தக் கூட்டம் செய்யும் ஒரு வேலையை மட்டும், நீங்கள் அமைத்த சூழலில் மட்டும் பார்க்கிறது. ஒருவரின் எச்டிஎல் கொலஸ்ட்ராலை நன்றாக இழுக்கும், ஆனால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதில் பின்தங்கியிருக்கும். இரண்டும் உண்மையான முடிவுகளே.

அதனால் பிப்பெட்டைக் கையில் எடுக்கும் முன், எந்த வேலையைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று ஒரு வாக்கியத்தில் எழுதி வையுங்கள். தமனிச் சுவரில் கொலஸ்ட்ரால் படிவதைப் பற்றிய ஆய்வு என்றால் கொலஸ்ட்ரால் வெளியேற்றத் திறன் சோதனை. சர்க்கரை நோய், சிறுநீரக நோய் போன்றவற்றில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் பற்றிய கேள்வி என்றால் எச்டிஎல் மேல் இருக்கும் பாராக்சோனேஸ் நொதியின் சோதனையும் எல்டிஎல் பாதுகாப்புச் சோதனையும். ரத்தக்குழாயின் உள்ளுறைச் செல்களைப் பற்றிய கேள்வி என்றால் அழற்சித் தடுப்புச் சோதனை. வசதியாகக் கிட் கிடைக்கிறது என்பதற்காக ஒரு சோதனையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்குப் பொருந்தும் கேள்வியைப் பிறகு தேடுவது நல்லதல்ல.

ரத்த மாதிரி: இங்கேயே பாதி முடிவு தீர்மானமாகிவிடும்

சீரமா (உறைந்த ரத்தத்திலிருந்து பிரிவது) பிளாஸ்மாவா (உறையாமல் தடுத்த ரத்தத்திலிருந்து பிரிவது) என்பது முதல் முடிவு. பாராக்சோனேஸ் வேலை செய்யக் கால்சியம் வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்க ஈடிடிஏ போட்ட குழாயில் எடுத்த பிளாஸ்மாவில் கால்சியம் பிடிபட்டுவிடுவதால் அந்த நொதி செயலிழந்துவிடும். ஆகவே பாராக்சோனேஸ் அளக்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் சீரமோ ஹெப்பாரின் பிளாஸ்மாவோ எடுத்து வையுங்கள். திரவ சிட்ரேட் உள்ள குழாயில் ரத்தம் சற்று நீர்த்துப்போகும், அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எதைத் தேர்ந்தாலும் ஆய்வு முழுவதும் அதையே பயன்படுத்த வேண்டும். நோயாளிகளுக்குப் பிளாஸ்மா, ஆரோக்கியமானவர்களுக்குச் சீரம் என்று கலந்துவிட்டால் பிறகு எந்தக் கணக்காலும் அதைச் சரிசெய்ய முடியாது.

பிரித்ததும் சிறு சிறு குழாய்களில் பங்கிட்டு மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் வையுங்கள். ஒரு பங்கு, ஒரு முறை உருக்குதல், அவ்வளவுதான். உருக்கியதை மறுபடி உறையவைத்து அடுத்த வாரம் எடுப்பது துகள்களின் அமைப்பை மாற்றும். உருக்கும்போது பனிக்கட்டியின் மேல் வைத்து உருக்கி, மெதுவாகக் கலக்குங்கள். வேகமாகச் சுழற்றி நுரை வரவிடாதீர்கள், நுரையில் புரதம் சிதையும்.

மனித ரத்தம் எல்லாமே தொற்று உள்ளதாகவே கருதிக் கையாள வேண்டும். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போடாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

அப்போபி துகள்களை நீக்குதல்

சீரத்தில் எச்டிஎல் மட்டும் இல்லை. எல்டிஎல், விஎல்டிஎல் போன்ற அப்போபி புரதம் உள்ள துகள்களும் கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்ளும். அவற்றை நீக்கினால்தான் எச்டிஎல்லின் வேலை தெரியும். பெரும்பாலான ஆய்வகங்கள் பாலிஎத்திலீன் கிளைக்கால் 8000 பயன்படுத்துகின்றன. பிஹெச் 7.4 உள்ள கிளைசின் பஃபரில் 20 சதவீதக் கரைசலாக அதைத் தயாரித்துக்கொள்ளுங்கள்.

100 மைக்ரோலிட்டர் சீரத்தில் 40 மைக்ரோலிட்டர் கரைசல் சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள். அறை வெப்பத்தில் 20 நிமிடம் விடுங்கள். பிறகு 4 டிகிரியில் சுமார் 10,000 ஜி விசையில் 30 நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுங்கள். அடியில் வெள்ளையாகப் படிவது அப்போபி துகள்கள். மேலே உள்ள தெளிந்த திரவம் உங்களுக்கு வேண்டியது. அதை எடுக்கும்போது பேராசைப்படாமல், படிவுக்கு மேலே கொஞ்சம் விட்டுவிட்டே உறிஞ்சுங்கள்.

இந்தக் கரைசல் பாகு போலக் கெட்டியாக இருக்கும். சாதாரண வேகத்தில் பிப்பெட் செய்தால் 40 என்று நினைத்து 35தான் போட்டிருப்பீர்கள். மெதுவாக உறிஞ்சி, முனையை ஒரு நொடி திரவத்திலேயே வைத்திருந்து, மெதுவாக விடுங்கள். புதியவர்களின் அளவீடுகள் ஆளுக்கு ஆள் மாறுவதற்கு இந்த ஒரு படியே பெரிய காரணம் என்பது என் கருத்து.

மேல்திரவத்தில் அப்போபி அநேகமாக இல்லை, அப்போஏ-1 பெருமளவு தங்கியிருக்கிறது என்பதைச் சில மாதிரிகளிலாவது சோதித்துப் பாருங்கள். டிரைகிளிசரைடு மிக அதிகமுள்ள சீரத்தில் படிவு முழுமையாக இறங்காமல் திரவம் கலங்கலாகவே இருக்கலாம். அப்படிப்பட்ட மாதிரியைக் குறித்து வையுங்கள், சத்தமில்லாமல் மற்றவற்றோடு சேர்த்துவிடாதீர்கள்.

மேல்திரவம் தூய எச்டிஎல் என்று நினைக்க வேண்டாம். அதில் ஆல்புமினும் மற்றச் சீரப் புரதங்களும் இருக்கின்றன. தூய எச்டிஎல் வேண்டுமென்றால் அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜில், பொட்டாசியம் புரோமைடு கொண்டு அடர்த்தியைச் சரிசெய்து, மில்லிலிட்டருக்கு 1.063 முதல் 1.21 கிராம் வரையுள்ள பகுதியைப் பிரித்தெடுக்க வேண்டும். அதிலும் ஒரு இழப்பு உண்டு. அந்த விசையும் உப்பும் துகளின் மேல் தளர்வாக ஒட்டியிருக்கும் புரதங்களைக் கழற்றிவிடும், பாராக்சோனேஸும் அப்போஏ-1இன் ஒரு பகுதியும் அப்படிப் போய்விடும். நூற்றுக்கணக்கான மாதிரிகள் உள்ள ஆய்வுக்கு பாலிஎத்திலீன் கிளைக்கால் முறை போதும். துகளின் இயங்குமுறையை ஆராயும்போதுதான் அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் தேவைப்படும்.

வெளியேற்றத் திறன் சோதனை

இதுவே இந்தத் துறையின் முதன்மைச் சோதனை. கருத்து எளிது: கொலஸ்ட்ராலை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுச் செல்களுக்கு அடையாளமிட்ட கொலஸ்ட்ராலை ஊட்டுகிறோம், எச்டிஎல் உள்ள திரவத்தை மேலே ஊற்றுகிறோம், எத்தனை சதவீதம் செல்லிலிருந்து வெளியே வந்தது என்று எண்ணுகிறோம். நான்கு நாள் வேலை.

முதல் நாள் செல்களைப் பரப்புங்கள். 2011 ஆய்வில் பயன்படுத்திய ஜே774 என்ற எலி மேக்ரோஃபேஜ் செல்களே இன்றும் பரவலாகப் பயன்படுகின்றன. பிளேட்டின் எல்லாக் குழிகளிலும் செல் எண்ணிக்கை ஒரே மாதிரி இருக்க வேண்டும். செல் கரைசலை அடிக்கடி கலக்காவிட்டால் கடைசி வரிசைக்குப் போகும்போது செல்கள் குழாயின் அடியில் தங்கிவிடும். 96 குழிப் பிளேட்டின் ஓரக் குழிகளில் திரவம் சீக்கிரம் ஆவியாகும், அங்கே மாதிரிகளை வைக்காமல் வெறும் ஊடகத்தால் நிரப்பிவிடுவது நல்லது.

இரண்டாம் நாள் அடையாளமிடுதல். ட்ரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய கொலஸ்ட்ராலை மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகியூரி என்ற அளவில் ஊடகத்தில் சேர்த்து 24 மணி நேரம் விடுங்கள். கூடவே ஏசிஏடி என்ற நொதியைத் தடுக்கும் மருந்தையும் சேர்க்க வேண்டும். ஏன்? அந்த நொதி கொலஸ்ட்ராலை எஸ்டராக மாற்றிச் செல்லுக்குள் கொழுப்புத் துளியாகப் பூட்டிவிடும். தனிநிலைக் கொலஸ்ட்ரால்தான் வெளியே போகும். எஸ்டராகும் அளவு குழிக்குக் குழி மாறினால், நீங்கள் எச்டிஎல்லை அளக்காமல் அந்த நொதியை அளந்துகொண்டிருப்பீர்கள். தடுப்பு மருந்து இந்தப் படியிலிருந்து கடைசி வரை இருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் செல்களைக் கழுவிவிட்டு, 0.2 சதவீத ஆல்புமின் உள்ள ஊடகத்தில் சுழற்சி ஏஎம்பியின் நிலையான வடிவம் ஒன்றை 0.3 மில்லிமோலார் அளவில் சேர்க்கிறோம். இது செல் சவ்வில் ஏபிசிஏ1 என்ற கடத்தியை அதிகமாக உருவாக்கும். 2011 ஆய்வில் 6 மணி நேரம் வைத்தார்கள், ஓர் இரவு முழுக்க வைக்கும் ஆய்வகங்களும் உண்டு. ஏபிசிஏ1 கொழுப்பு குறைவாக உள்ள சின்னஞ்சிறு எச்டிஎல் துகள்களுக்குக் கொலஸ்ட்ராலைக் கொடுக்கும் கடத்தி. அது பிறவியிலேயே பழுதானவர்களுக்கு டான்ஜியர் நோய் வருகிறது, அவர்கள் ரத்தத்தில் எச்டிஎல் ஏறக்குறைய இருக்காது. 1999இல்தான் அந்த மரபணுத் தொடர்பு கண்டுபிடிக்கப்பட்டது.

ஒரு தந்திரம் இங்கே உதவும். சில குழிகளில் சுழற்சி ஏஎம்பி சேர்க்காமல் விடுங்கள். சேர்த்த குழியின் வெளியேற்றத்திலிருந்து சேர்க்காத குழியின் வெளியேற்றத்தைக் கழித்தால், ஏபிசிஏ1 வழியாகப் போனது எவ்வளவு என்று தெரியும். மீதி, எஸ்ஆர்-பி1, ஏபிசிஜி1 போன்ற வழிகளும் சவ்விலிருந்து தானாகக் கசிவதும் சேர்ந்தது. குழிகள் இரட்டிப்பாகும், ஆனால் கிடைக்கும் தகவல் அதற்கு ஈடானது.

மனிதச் செல்தான் வேண்டும் என்று டிஹெச்பி-1 செல்களைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றை முதலில் பிஎம்ஏ என்ற வேதிப்பொருளால் மேக்ரோஃபேஜாக மாற்ற வேண்டும், இரண்டு மூன்று நாள் ஆகும். மேலும் ஏபிசிஏ1ஐ உயர்த்த எலிச் செல்லில் வேலை செய்யும் சுழற்சி ஏஎம்பியை அங்கே நம்ப முடியாது, எல்எக்ஸ்ஆர் ஏற்பியைத் தூண்டும் மருந்து தேவைப்படும். எலிக் கல்லீரல் செல்லான எஃப்யூ5ஏஹெச்சில் எஸ்ஆர்-பி1 அதிகம், அது முதிர்ந்த பெரிய எச்டிஎல் துகள்களைப் பிரதிபலிக்கும். ஆக, செல்லை மாற்றினால் கேள்வியே மாறிவிடுகிறது.

நான்காம் நாள்தான் அளவீடு. செல்களை மறுபடி கழுவி, அப்போபி நீக்கிய சீரத்தை 2.8 சதவீதமாக நீர்த்து ஊற்றுங்கள். இந்த 2.8 எங்கிருந்து வந்தது என்று பலர் குழம்புவார்கள். 100 பங்கு சீரத்தில் 40 பங்கு கரைசல் சேர்த்ததால் அது 1.4 மடங்கு நீர்த்துப்போயிருக்கிறது. 2.8ஐ 1.4ஆல் வகுத்தால் 2, அதாவது அசல் சீரத்தின் 2 சதவீதம். இன்குபேட்டரில் 37 டிகிரியில் 4 மணி நேரம் வையுங்கள். இந்த நேரமும் இந்த நீர்ப்பும் உங்கள் ஆய்வகத்தில் நேர்கோட்டுப் பகுதியில் விழுகின்றனவா என்று முன்கூட்டியே சோதியுங்கள்: ஒரே சீரத்தைப் பல செறிவுகளில், பல நேரங்களில் ஓட்டிப் பாருங்கள். வளைகோடு தட்டையாகிவிட்ட இடத்தில் அளந்தால் நல்ல எச்டிஎல்லுக்கும் சுமாரான எச்டிஎல்லுக்கும் வித்தியாசம் தெரியாது.

நேரம் முடிந்ததும் ஊடகத்தை எடுத்து, வடிகட்டியோ சுழற்றியோ மிதக்கும் செல்களை நீக்குங்கள். விட்டுப்போன ஒரு சில செல்களும் எண்ணிக்கையைப் பொய்யாக உயர்த்தும். பிறகு கதிர் பட்டால் ஒளிரும் சின்டிலேஷன் திரவத்தில் கலந்து எண்ணுங்கள். வெளியேற்றம் தொடங்கும் முன்பே நிறுத்திய சில குழிகளில் ஐசோபுரொப்பனால் ஊற்றிக் கொழுப்பைப் பிரித்தெடுத்து, செல்லுக்குள் மொத்தம் எவ்வளவு அடையாளம் இருந்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

கணக்கு

எடுத்துக்காட்டுக்குச் சில எண்களை வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் செல்லில் 40,000 எண்ணிக்கை. மாதிரி ஊற்றிய குழியின் ஊடகம் முழுவதிலும் 5,000. சீரமே இல்லாமல் ஆல்புமின் ஊடகம் மட்டும் ஊற்றிய பிளாங்க் குழியில் 600. வெளியேற்றம்: 5,000இலிருந்து 600ஐக் கழித்து 40,000ஆல் வகுத்தால் 11 சதவீதம். ஊடகத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுத்து எண்ணியிருந்தால் முழு அளவுக்குப் பெருக்க மறக்க வேண்டாம்.

இந்த 11 சதவீதத்தை அப்படியே அறிக்கையில் போடக் கூடாது. அதே பிளேட்டில் ஓட்டிய பொதுச் சீரத்தின் (பலரின் சீரத்தைக் கலந்து வைத்தது) மதிப்பு 10 சதவீதம் என்றால், மாதிரியின் மதிப்பு 1.1. அடுத்த வாரம் செல்கள் சற்றே சோர்ந்திருந்து, பொதுச் சீரம் 8 சதவீதமும் அதே மாதிரி 8.8 சதவீதமும் காட்டினாலும் விகிதம் 1.1தான். செல்களின் மனநிலை நாளுக்கு நாள் மாறும், விகிதம் மட்டும்தான் நிலைக்கும்.

இந்தப் பொதுச் சீரத்தைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆய்வு தொடங்கும் முன்பே பலரின் சீரத்தைக் கலந்து, ஆய்வு முடியும் வரை போதுமான அளவு சிறு பங்குகளாக்கி உறையவைத்துவிடுங்கள். ஒவ்வொரு பிளேட்டிலும் அது இருக்க வேண்டும், ஓரிடத்தில் மட்டும் வைக்காமல் இரண்டு மூன்று இடங்களில் வைத்தால் பிளேட்டுக்குள்ளேயே உள்ள ஏற்ற இறக்கமும் தெரியும். பாதியில் தீர்ந்துபோனால் புதிய கலவையும் பழைய கலவையும் ஒரே பிளேட்டில் பல முறை ஓட்டிப் பார்த்துத்தான் மாற வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் குறைந்தது இரண்டு குழி, முடிந்தால் மூன்று. அவற்றுக்கிடையிலான மாறுபாடு 10 சதவீதத்தைத் தாண்டினால் மறுபடி ஓட்டுங்கள். நோயாளி, ஆரோக்கியமானவர் இருவரின் மாதிரிகளும் ஒவ்வொரு பிளேட்டிலும் கலந்திருக்க வேண்டும், எது யாருடையது என்று சோதனை செய்பவருக்குத் தெரியக் கூடாது.

செல்கள் மைக்கோபிளாஸ்மா தொற்று இல்லாமல் இருக்கின்றனவா என்று குறிப்பிட்ட இடைவெளியில் பாருங்கள். அந்தத் தொற்று கண்ணுக்குத் தெரியாது, கலங்கலும் வராது, ஆனால் செல்லின் கொழுப்புக் கையாளுதலையே மாற்றிவிடும்.

கதிரியக்கமா ஒளிர்வா?

ட்ரிட்டியம் வீசுவது வலுவற்ற பீட்டா கதிர்கள். சாதாரண கைகர் கருவி அதைக் காட்டாது என்பதாலேயே அலட்சியம் வரக்கூடாது. மேசையைத் துடைத்தெடுத்துச் சின்டிலேஷன் கருவியில் எண்ணிப் பார்ப்பதுதான் சரியான சோதனை. உரிய அனுமதியும் பயிற்சியும் இல்லாமல் தொடக் கூடாது.

அனுமதி இல்லாத ஆய்வகங்களுக்குப் போடிபை-கொலஸ்ட்ரால் என்ற ஒளிரும் கொலஸ்ட்ரால் இருக்கிறது. டல்லாஸ் ஆய்வில் இதைத்தான் பயன்படுத்தினார்கள். அடையாளமிட ஒரு மணி நேரமே போதும், 482 நானோமீட்டரில் தூண்டி 515இல் படிக்கலாம், பிளேட் ரீடர் இருந்தால் ஒரே நாளில் நிறைய மாதிரிகளை முடிக்கலாம். ஆனால் இரண்டையும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒளிரும் பகுதி ஒட்டியிருப்பதால் அந்த மூலக்கூறு அசல் கொலஸ்ட்ரால் போலவே நடந்துகொள்வதில்லை, ஏபிசிஏ1 வழியைக் கூடுதலாகக் காட்டும் போக்கு அதற்கு உண்டு. கதிரியக்க முறையில் வரும் எண் எச்டிஎல் கொலஸ்ட்ராலோடு ஓரளவு ஒத்துப்போகும், ஒளிர்வு முறையில் வரும் எண் மிகக் குறைவாகவே ஒத்துப்போகும். ஓர் ஆய்வின் முடிவை இன்னொன்றோடு ஒப்பிடும்போது எந்த அடையாளம் என்று முதலில் பாருங்கள். கருவி வசதி உள்ளவர்கள் டியூட்டீரியம் ஏற்றிய கொலஸ்ட்ராலை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளக்கலாம். அதில் கதிரியக்கமும் இல்லை, மூலக்கூறின் வடிவமும் மாறுவதில்லை. ஆனால் மாதிரிக்கு ஆகும் நேரமும் உழைப்பும் அதிகம்.

பாராக்சோனேஸ்: தொடங்க எளிய இடம்

செல் வளர்ப்பு வசதி இல்லாதவர்களுக்கும் முதன்முதலில் கை பழகுபவர்களுக்கும் இந்தச் சோதனையை நான் பரிந்துரைப்பேன். எச்டிஎல் மேல் சவாரி செய்யும் பாராக்சோனேஸ்-1 நொதி, கொழுப்புகள் ஆக்சிஜனேற்றமடைவதைத் தடுக்க உதவுகிறது. அதன் செயல்பாட்டை இரண்டு வழியில் பார்க்கலாம்.

பாராக்சானைச் சிதைக்க விட்டு, வரும் மஞ்சள் நிற நைட்ரோபீனாலை 412 நானோமீட்டரில் அளப்பது ஒன்று. பாராக்சான் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் கடும் நஞ்சு, தோல் வழியாகவும் உள்ளே போகும். தவிர, இந்த நொதியின் 192ஆம் இடத்தில் குளூட்டமின் இருக்கிறதா ஆர்ஜினின் இருக்கிறதா என்ற மரபு வேறுபாட்டால் பாராக்சானைச் சிதைக்கும் வேகம் ஆளுக்கு ஆள் பல மடங்கு மாறும். அது தெரியாமல் இரு குழுக்களை ஒப்பிட்டால் நோயின் விளைவையும் மரபின் விளைவையும் குழப்பிக்கொள்வோம்.

இரண்டாவது வழி ஃபீனைல் அசிட்டேட். நஞ்சு குறைவு, அந்த மரபு வேறுபாடும் பெரிதாகப் பாதிக்காது. நொதியின் அளவையே கிட்டத்தட்டப் பிரதிபலிக்கும். பிஹெச் 8 உள்ள டிரிஸ் பஃபரில் 1 மில்லிமோலார் கால்சியம் குளோரைடும் 1 மில்லிமோலார் ஃபீனைல் அசிட்டேட்டும் சேர்த்து, நன்கு நீர்த்த சீரத்தைக் கலந்து, 270 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் ஏறும் வேகத்தைப் பாருங்கள். ஃபீனைல் அசிட்டேட் கரைசலை அன்றன்றைக்குத் தயாரியுங்கள், அது தானாகவே நீரில் சிதையும். அந்தத் தானாகச் சிதையும் வேகத்தைச் சீரம் இல்லாத குழியில் அளந்து கழிக்க வேண்டும்.

இதன் கணக்கு: ஒரு சென்டிமீட்டர் பாதையில் ஒரு மில்லிமோலாருக்கு உறிஞ்சல் 1.31. நிமிடத்துக்கு 0.131 ஏறினால் நிமிடத்துக்கு 0.1 மில்லிமோலார் சிதைகிறது என்று பொருள். கியூவெட்டில் சீரம் மொத்தம் 1,000 மடங்கு நீர்த்திருந்தால், மில்லிலிட்டர் சீரத்துக்கு 100 யூனிட். பிளேட்டில் செய்தால் இரண்டைக் கவனியுங்கள். சாதாரணப் பிளாஸ்டிக் பிளேட் 270 நானோமீட்டர் ஒளியை விழுங்கிவிடும், புற ஊதா ஒளி ஊடுருவும் பிளேட் வேண்டும். பிளேட்டில் ஒளிப்பாதை ஒரு சென்டிமீட்டர் இருக்காது, திரவத்தின் உயரத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டும்.

ஆக்சிஜனேற்றமும் அழற்சியும்

எல்டிஎல்லைத் தாமிர அயனியோடு சேர்த்து 234 நானோமீட்டரில் பார்த்தால், கொஞ்ச நேரம் அமைதியாக இருந்துவிட்டு உறிஞ்சல் திடீரென ஏறும். எச்டிஎல் சேர்க்கும்போது அந்த அமைதிக் காலம் எவ்வளவு நீளுகிறது என்பதே அளவு. எல்டிஎல்லில் ஈடிடிஏ மிச்சமிருந்தால் தாமிரத்தை அது பிடித்துக்கொள்ளும், எல்லா மாதிரியும் அருமையாகப் பாதுகாப்பது போலத் தோன்றும். டயாலிசிஸ் (சவ்வு வழியாகச் சிறு மூலக்கூறுகளை வெளியேற்றும் முறை) செய்து முழுவதும் நீக்குங்கள். எச்டிஎல்லும் தானாக ஆக்சிஜனேற்றமடையும் என்பதால் எச்டிஎல் மட்டும் உள்ள குழியும் வேண்டும்.

டைகுளோரோஃபுளோரசின் முறையில், ஆக்சிஜனேற்றமடைந்த கொழுப்பு பட்டால் ஒளிரும் சாயத்தைப் பயன்படுத்துகிறோம். எல்டிஎல் மட்டும் தரும் ஒளிர்வை 1 என்று வைத்துக்கொண்டு, எச்டிஎல் சேர்த்ததும் அது 1க்குக் கீழே இறங்கினால் பாதுகாப்பு, மேலே ஏறினால் அந்த எச்டிஎல்லே கெடுதல் செய்கிறது என்று படிப்பார்கள். கடும் தொற்று, அறுவை சிகிச்சை போன்ற நிலைகளில் சீரம் அமிலாய்டு ஏ என்ற புரதம் எச்டிஎல் மேல் ஏறிக்கொள்ளும். நல்ல எச்டிஎல்லும் அப்போது இயல்பை இழக்கும். அதனால் ரத்தம் எடுத்த நாளில் காய்ச்சல் இருந்ததா என்ற விவரமும் மாதிரியோடு இருக்க வேண்டும்.

அழற்சித் தடுப்புக்கு ரத்தக்குழாய் உள்ளுறைச் செல்களை எச்டிஎல்லோடு வைத்து, பிறகு அழற்சியைக் கிளப்பும் டிஎன்எஃப்-ஆல்ஃபாவால் தூண்டி, விகாம்-1 என்ற ஒட்டுப் புரதம் எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறோம். இங்கே முதல் எதிரி பாக்டீரியாவிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற நச்சு. பிரித்தெடுத்த எச்டிஎல்லில் அது துளி கலந்திருந்தாலும் செல்கள் தூண்டப்பட்டுவிடும். எண்டோடாக்சினைக் கண்டறியும் லால் சோதனையில் தேறாத எச்டிஎல்லைச் செல்லில் போடாதீர்கள். பொட்டாசியம் புரோமைடும் பாதுகாப்புக்குப் போட்ட சோடியம் அசைடும் டயாலிசிஸில் முழுதாகப் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் செல்கள் அழற்சி குறைந்து அமைதியாகவில்லை, செத்துக்கொண்டிருக்கின்றன.

செல் இல்லாத முறைகள்

நான்கு நாள் செல் வேலையை மருத்துவமனை ஆய்வகத்தில் செய்ய முடியாது. அதனால் செல்லே இல்லாத முறைகள் வருகின்றன. ஜப்பானின் கோபே பல்கலைக்கழகக் குழு 2017இல் முன்வைத்த கொலஸ்ட்ரால் ஏற்புத் திறன் சோதனையில், ஒளிரும் கொலஸ்ட்ராலைச் சீரத்தோடு கலந்து, அப்போஏ-1ஐப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தால் எச்டிஎல்லைப் பிடித்து, அது எவ்வளவு வாங்கிக்கொண்டது என்று அளக்கிறார்கள். இயந்திரத்தில் ஓட்டலாம், நாளுக்கு நாள் மாறுபாடு குறைவு. செல்லில் உள்ள ஏபிசிஏ1 போன்ற கடத்திகளின் பங்கு இதில் இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இது எச்டிஎல்லின் வாங்கும் பக்கத்தை மட்டும் பார்க்கிறது.

முடிவை எழுதும்போது

எல்லா மாதிரியிலும் ஒரே கன அளவு சீரம் போட்டீர்களா, ஒரே அளவு அப்போஏ-1 வருமாறு சமன் செய்தீர்களா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். கன அளவு ஒன்றாக இருந்தால், அந்த மனிதரின் ரத்தத்தில் உள்ள மொத்தத் திறன் தெரியும். துகள் அதிகமிருந்தாலும் எண் கூடும். அப்போஏ-1 சமமாக இருந்தால், துகளின் தரம் தெரியும். இரண்டுக்கும் வெவ்வேறு பதில் வரலாம்.

இந்த எண்களுக்கு உலகம் ஒப்புக்கொண்ட இயல்பு எல்லை எதுவும் இல்லை. ஒரு ஆய்வகத்தின் 1.1 இன்னொரு ஆய்வகத்தின் 1.1 ஆகாது. ஆகவே தனி ஒருவருக்கு, உங்கள் நல்ல கொழுப்பு சரியாக வேலை செய்யவில்லை என்று இதை வைத்துச் சொல்ல வேண்டாம். மக்களுக்கு அது வீண் பயத்தைத்தான் தரும். மருந்தால் வெளியேற்றத் திறனை உயர்த்தினால் மாரடைப்பு குறையும் என்பதும் இன்னும் நிரூபணமாகவில்லை. அப்போஏ-1ஐ நேரடியாக ரத்தத்தில் ஏற்றும் சிஎஸ்எல்112 அந்தத் திறனை நன்றாகவே உயர்த்தியது. ஆனால் மாரடைப்பு வந்த 18,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2024இல் வெளியான சோதனையில், 90 நாளில் முதன்மை விளைவு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை.

புதிதாகத் தொடங்குபவர் முதல் மாதத்தில் நோயாளி மாதிரி எதையும் தொடாமல் இருப்பது நல்லது. பொதுச் சீரத்தை மட்டும் வைத்து முதலில் ஃபீனைல் அசிட்டேட் சோதனை, அப்புறம் அப்போபி நீக்கம், அதன்பின் வெளியேற்றச் சோதனை என்று போங்கள். ஒரே சீரம் வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு பிளேட்டுகளில் ஒரே எண்ணைத் தரத் தொடங்கியதும் உறைபெட்டியிலிருந்து முதல் நோயாளியின் குழாயை எடுக்கலாம். குறிப்பேட்டில் அன்றைய செல்களின் தலைமுறை எண், சீரம் எத்தனை முறை உருகியது, பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசல் தயாரித்த தேதி, பிளேட்டில் பொதுச் சீரம் இருந்த இடம் ஆகிய நான்கையும் தவறாமல் எழுதுங்கள்.